கண்ணாடிக்குள் நிற்கும் தண்ணி

2023 ஜனவரியில் ஒரு காலை. பின்னறை யன்னலோடு அம்மா மல்லுக்கட்டிக்கொண்டு நின்றா. கையில் பழைய சாரத்தில் கிழித்த துணி.

"தம்பி, இஞ்சை வந்து பார். துடைக்கத் துடைக்க இந்தத் தண்ணி போகுதில்லை. வெளியாலை போயும் துடைச்சுப் பார்த்திட்டன்."

கிட்டப் போய்ப் பார்த்தேன். கண்ணாடியின் கீழ்ப்பாதியில் பால் ஊற்றினதுபோல வெள்ளைப் புகார். அதற்குள் சின்னச் சின்னத் துளிகள், சிலது கோடாக வழிந்து இறங்கியிருந்தன. விரலால் தொட்டால் உள்பக்கம் காய்ந்துதான் இருந்தது. வெளிப்பக்கமும் அப்படியே.

"இது ரெண்டு கண்ணாடிக்கும் நடுவிலையல்லே நிக்குது" என்றா அம்மா. யாழ்ப்பாணத்தில் மரச்சட்டமும் இரும்புக் கம்பியும் போட்ட யன்னலைத் திறந்துவிட்டு வாழ்ந்த மனுசி. அங்கே யன்னல் என்றால் காற்று வர வைத்தது. இந்த ஊர் யன்னல் காற்றை மறிக்க வைத்தது. அதன் நோயை அம்மாதான் முதலில் சரியாகச் சொன்னா.

அதிலிருந்து ஒன்றரை ஆண்டு நான் யன்னல்களோடுதான் வாழ்ந்தேன். கண்ணாடி, ரப்பர், பிணைச்சல், சட்டம், விலை, சட்டதிட்டம் எல்லாம் படிக்க வேண்டி வந்தது. லண்டனில் வீடு வாங்கியிருக்கிற நம்மவர்களில் பலர் இருப்பது இப்படிப்பட்ட பழைய வீடுகளில்தான். "டபிள் கிளேசிங் மாத்த வேணுமோ, விடலாமோ" என்ற கேள்வி கலியாண வீட்டிலும் வரும், கோயில் வாசலிலும் வரும். எனக்குத் தெரிந்ததை விரிவாக எழுதிவைக்கிறேன்.

எங்கள் வீடு ஹரோவில், 1930களில் கட்டிய இரட்டை வீட்டில் ஒரு பாதி. 2011இல் வாங்கினோம். யன்னல் எல்லாம் வெள்ளைப் பிளாஸ்ரிக், முதல் இருந்தவர்கள் போட்டது. எப்போது போட்டார்கள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பிறகு ஒரு நாள் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஓரமாக ஓடும் அலுமினியப் பட்டியை டோர்ச் அடித்துப் பார்த்தேன். சின்ன எழுத்தில் செய்தவர் பெயரும் 1998 என்ற ஆண்டும் இருந்தன. உங்கள் வீட்டிலும் பாருங்கள். எல்லாவற்றிலும் இருக்காது, ஆனால் பலவற்றில் இருக்கும். யன்னலின் வயதை அறிய இதைவிடச் சுகமான வழி இல்லை.

அந்த அலுமினியப் பட்டிதான் இந்தக் கதையின் நாயகன். இரண்டு கண்ணாடியையும் தள்ளி நிறுத்துவது அது. பட்டி உள்ளே பொள்ளல். அந்தப் பொள்ளலுக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகளை நிரப்பி, சுற்றிவர இரண்டு அடுக்குப் பசையால் அடைத்துவிடுகிறார்கள். நடுவில் அகப்பட்ட காற்றில் மிஞ்சியிருக்கும் ஈரத்தை மணிகள் குடித்துக்கொள்ளும். புதியவற்றில் காற்றுக்குப் பதில் ஆர்கன் வாயு இருக்கும். அது வெப்பத்தைக் காற்றைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகக் கடத்தும். இந்த முழுப் பொதியைத்தான் கண்ணாடி யூனிற் என்கிறோம். பிரேம் வேறு, யூனிற் வேறு. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் காசு மிச்சம்.

பகலில் வெயில் பட்டால் நடுவில் உள்ள காற்று விரியும், இரவில் குளிர்ந்து சுருங்கும். கண்ணாடி நாள்தோறும் மூச்சு விடுகிறது என்று வையுங்கள். இருபது இருபத்தைந்து வருடம் இப்படி மூச்சு விட்டால் ஓரத்துப் பசை எங்கேயோ ஓரிடத்தில் விட்டுவிடும். வெளி ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஏறும். மணிகள் குடிக்கக்கூடிய அளவு குடித்து நிரம்பிய பிறகுதான் கண்ணுக்குப் புகார் தெரியும். ஆகவே அம்மா கண்ட அன்று பழுதான கண்ணாடி அல்ல அது. பழுதாகிக் கனகாலம். வெயில் கூடப் படும் தெற்கு, மேற்குப் பக்க யன்னல்கள் முதலில் போவதும் இதனால்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். யன்னலில் தண்ணி என்றால் மூன்று விதம். மூன்றுக்கும் மூன்று அர்த்தம்.

நடுவில் நின்றால் யூனிற் போய்விட்டது. அதில் மறுபேச்சு இல்லை.

வெளிப்பக்கத்தில், ஒக்டோபர் நவம்பர் காலையில் புகார் படிந்து, வெயில் வந்ததும் மறைந்தால் அது நல்ல சகுனம். வீட்டுச் சூடு வெளியே போகாததால் வெளிக்கண்ணாடி குளிர்ந்து, பனி படிகிறது. என் மைத்துனர் பத்தாயிரம் பவுணுக்கு மேல் செலவழித்துப் புது யன்னல் போட்ட முதல் ஒக்டோபரில், விடிய ஏழு மணிக்கு எனக்கு ரெலிபோன் எடுத்து "எல்லாம் பழுதாப் போச்சு" என்று கத்தினார். யன்னல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று அவரை நம்பவைக்க எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது.

உள்பக்கத்தில் தண்ணி என்றால் பெரும்பாலும் குற்றம் யன்னலில் இல்லை, வீட்டுக் காற்றில். ஒரு சின்னக் கணக்கு. வெளியே 0 பாகை, அறையில் 20 பாகை என்று எடுங்கள். ஒற்றைக் கண்ணாடியின் உள்பரப்பு சுமார் 5 பாகைக்கு இறங்கிவிடும். எங்களுடையதுபோன்ற தொண்ணூறுகளின் இரட்டைக் கண்ணாடியில் 13 பாகை அளவு. இன்றைய நல்ல கண்ணாடியில் 17. அறைக் காற்றில் ஈரப்பதம் 60 வீதமானால் 12 பாகைக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணி படியும். பார்த்தீர்களா, பழைய இரட்டைக் கண்ணாடி விளிம்பில் நிற்கிறது. அதன் ஓரங்கள் அலுமினியப் பட்டியால் இன்னும் குளிர்ந்திருக்கும். அதனால்தான் தண்ணி எப்போதும் கண்ணாடியின் அடியில், கோடு கிழித்ததுபோல முதலில் வரும்.

இனி நம்முடைய குசினியைப் பாருங்கள். சோறு, பருப்பு, இரண்டு கறி, பிட்டு அவிக்கிற நீராவி. குளிர்காலத்தில் உடுப்பெல்லாம் ரேடியேற்றரில் காய்கிறது. ஆறு பேர் ஒரு வீட்டில். யன்னல் தலைப்பில் நீளமாக ஒரு காற்றுத் துவாரம் இருக்கும், ரிக்கிள் வென்ற் என்பார்கள். "குளிர் வருது" என்று அதற்கு மேல் ரேப் ஒட்டிவிடுகிறோம். நான் போன எத்தனையோ வீடுகளில் இந்த ரேப்பைக் கண்டிருக்கிறேன், எங்கள் வீட்டிலும் இருந்தது. அந்த ரேப்பை உரித்து, சமைக்கும்போது உறிஞ்சு விசிறியைப் போட்டு, காலையில் பத்துப் பதினைந்து நிமிடம் யன்னலைத் திறந்துவிட்டாலே பாதித் தண்ணி போய்விடும். பத்துப் பவுண் அளவில் ஈரப்பதம் காட்டும் ஒரு சின்னக் கருவி வாங்கலாம். அது 60க்கு மேலேயே நின்றால், முதலில் வீட்டுக் காற்றைத் திருத்துங்கள். பிறகு யன்னலைப் பேசலாம்.

இதை விளையாட்டாக நினைக்கக் கூடாது. யன்னல் ஓரத்துக் கறுப்புப் பூஞ்சணம் குழந்தைகளின் நெஞ்சுக்குக் கூடாதது. 2020 டிசம்பரில் ரொச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுப் பிள்ளை, பூஞ்சணம் பிடித்த வாடகை வீட்டில் வாழ்ந்ததால் வந்த சுவாச நோயில் இறந்தான். அவன் பெயரால் ஒரு சட்டமே வந்தது. சமூக வீடுகளின் உரிமையாளர்கள் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் குறித்த காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்ற அந்த விதி, 2025 ஒக்டோபர் 27 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. கவுன்சில் வீட்டிலோ ஹவுசிங் அசோசியேஷன் வீட்டிலோ இருந்தால், யன்னலைத் துடைத்துத் துடைத்து நாட்களைப் போக்காதீர்கள். எழுத்தில் முறையிடுங்கள், படம் எடுத்து வையுங்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். அம்மா காட்டிய பிறகு வீடு முழுக்கப் பார்த்தேன். பதினொரு யன்னல். மூன்று கண்ணாடியில் புகார். அந்த வாரமே ஒரு யன்னல் கம்பனிக்காரர் வந்தார். பின்னேரம் ஆறரைக்கு வந்தவர் எட்டரை வரை இருந்தார். மாதிரிக் கண்ணாடி, வெப்ப விளக்கு, மடிக்கணினி எல்லாம் கொண்டுவந்திருந்தார். பதினொரு யன்னலையும் மாற்றுவதற்கு 19,600 பவுண் என்றார். நாங்கள் ஆளை ஆள் பார்த்தோம். உடனே ஏதோ சலுகை என்று 13,900 ஆனது. பிறகு மேலாளருக்கு ரெலிபோன் எடுத்துப் பேசிவிட்டு, இன்றிரவே கையெழுத்துப் போட்டால் 11,400 என்றார். நாளைக்கு இந்த விலை இல்லையாம்.

இரண்டு மணித்தியாலத்தில் எட்டாயிரம் பவுண் இறங்குகிற விலை, விலையே அல்ல. அம்மா தேத்தண்ணி கொடுத்து அவரை அனுப்பிவைத்தா. நான் கையெழுத்துப் போடவில்லை. அன்றிரவு நித்திரையும் வரவில்லை. 2022 ஒக்டோபரில் அரசாங்கம் தலையிட்டும்கூட ஒரு சாதாரண வீட்டின் எரிசக்திச் செலவு ஆண்டுக்கு 2,500 பவுண் என்றுதான் நின்றது. காஸ் பில் வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்த காலம் அது. யன்னலை மாற்றினால் பில் பாதியாகும் என்று அவர் சொன்னது காதிலேயே நின்றது.

அடுத்த நாள் பேப்பரும் பேனையும் எடுத்தேன். எங்கள் யன்னல்கள் மொத்தம் 20 சதுர மீற்றர் அளவு. வெப்பம் எவ்வளவு வெளியே கசிகிறது என்பதற்கு யூ மதிப்பு என்று ஓர் அளவு உண்டு. குறையக் குறைய நல்லது. எங்களுடையதுபோன்ற பழையதற்கு 2.8 அளவு, புதியதற்கு 1.4. அந்த வித்தியாசத்தை லண்டன் குளிர்காலம் முழுவதற்கும் பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு 1,300 கிலோவாட் மணி சொச்சம் வெப்பம் மிச்சமாகிறது. பொயிலர் விழுங்குவதையும் சேர்த்து 1,600 அளவு காஸ். அந்த நெருக்கடி விலையை விட்டு, பிறகு இறங்கி வந்த ஆறு ஏழு பென்ஸ் வீதம் போட்டால் ஆண்டுக்கு 100 பவுண். 11,400 பவுணை நூறு நூறாக மீட்டெடுக்க 114 வருடம் வேண்டும். அந்த யன்னல் அதற்குள் நாலு தரம் கிழண்டிவிடும்.

ஒற்றைக் கண்ணாடி வீட்டுக்கு இந்தக் கணக்கு வேறு. அங்கே வித்தியாசம் பெரியது, குளிரும் தாங்க முடியாதது. ஆனால் ஏற்கெனவே இரட்டைக் கண்ணாடி உள்ள வீட்டில், காஸ் பில்லுக்காக மட்டும் எல்லா யன்னலையும் மாற்றாதீர்கள் என்பது என் தீர்மானமான கருத்து. அந்தக் காசில் ஒரு பங்கைக் கூரைக்குள் பஞ்சு போடச் செலவழித்தால் கூடப் பலன். வரியும் அதற்குத்தான் சாதகம். வீட்டில் ஆட்களை வைத்துப் பஞ்சு போடுவதற்கும் கதவு யன்னல் இடுக்கு அடைப்பதற்கும் 2027 மார்ச் வரை வற் வரி பூச்சியம். புது யன்னலுக்கு முழு 20 வீதம். 1696 முதல் 1851 வரை வீட்டு யன்னலை எண்ணி வரி அறவிட்ட நாடு இது. அதற்குப் பயந்து செங்கல் வைத்து மூடிய யன்னல்களைப் பழைய தெருக்களில் இன்றும் காணலாம்.

பிறகு ஒரு நண்பர் மூலம் வவுனியா அண்ணை ஒருவர் வந்தார். இருபது வருடமாகக் கண்ணாடி வேலை செய்கிறவர். வந்தவர் அளவு நாடாவை எடுக்கவில்லை. முதலில் ஒரு தண்ணிச் செம்பு கேட்டார். யன்னலைத் திறந்து, பிரேமின் அடிப் பள்ளத்தில் தண்ணியை ஊற்றினார். தண்ணி அங்கேயே குளம் கட்டி நின்றது.

"தம்பி, இதுதான் உங்கட கண்ணாடியைக் கொண்டது" என்றார்.

பிளாஸ்ரிக் பிரேமின் அடியில், வெளிப்பக்கமாக, ஒரு பென்சில் நுனி போகிற அளவில் நீளமான துளைகள் இருக்கும். மழைத்தண்ணி உள்ளே இறங்கினால் அதனால் வடிந்து போக வேண்டும். எங்களுடையதில் இருபத்தைந்து வருட மண்ணும் பாசியும் சிலந்திக் கூடும் அடைத்துக் கிடந்தன. தண்ணி போக வழியில்லாமல் கண்ணாடியின் அடி விளிம்பு மாதக்கணக்கில் ஈரத்தில் ஊறியிருக்கிறது. எந்தப் பசையும் அதைத் தாங்காது. அவர் ஒரு மெல்லிய கம்பியால் குத்திவிட்டதும் கறுப்புத் தண்ணி சுவரில் வழிந்தது.

கண்ணாடியை எடுத்த விதத்தையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். சுற்றிவர இருக்கும் பிளாஸ்ரிக் பட்டியின் நடுவில் தகட்டுக் கத்தியைச் செருகி நெம்பினார். "டக்" என்று ஒரு சத்தம், நீளப் பட்டி கழன்றது. பிறகு மற்ற மூன்றும். பழைய யூனிற்றை அணைத்துப் பிடித்து வெளியே எடுத்தார். அடியில் சின்னச் சின்னப் பிளாஸ்ரிக் ஆப்புகள் வைத்திருந்த இடம், ஒழுங்கு எல்லாவற்றையும் எனக்குக் காட்டினார். அந்த ஆப்பு இடம் மாறினால் யன்னல் ஒரு பக்கம் தொங்கிப்போகுமாம். புதியதைப் போட்டுப் பட்டியை ரப்பர்ச் சுத்தியலால் தட்டி இருத்தினார். ஒரு யன்னலுக்கு முக்கால் மணித்தியாலம் கூட இல்லை.

கீழே இறக்கிய பழைய யூனிற்றின் பட்டி ஒரு மூலையில் கழன்றிருந்தது. அதைச் சாய்த்து என் கையில் கொட்டினார். மண் நிறத்தில் கசகசாபோலச் சின்ன மணிகள். இருபத்தைந்து வருடமாக எங்கள் வீட்டுக் கண்ணாடியைத் தெளிவாக வைத்திருந்தவை அவைதான். அம்மா அதை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தா.

மூன்று யூனிற்றுக்கும் வேலையோடு சேர்த்து 330 பவுண். போட்டது பழையதுபோன்ற வெறும் கண்ணாடி அல்ல. உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெள்ளிப் படலம் பூசி, ஆர்கன் நிரப்பியது. பழைய பிரேமுக்குள்ளேயே புதிய காலத்துக் கண்ணாடி. பிரேம் எவ்வளவு தடிப்பான யூனிற்றை ஏற்கும் என்பதைப் பொறுத்து இது அமையும். எண்பதுகளின் சில பிரேமில் 20 மில்லிமீற்றருக்கு மேல் போகாது, இன்றைக்கு வழக்கம் 28. எங்களுடையதில் 24 போனது, அது போதும்.

கண்ணாடியில் துளை போட்டு, உள்ளே காய வைத்துத் தருகிறோம் என்றும் சிலர் வருவார்கள். புகார் போகும், உண்மைதான். ஆனால் போன வாயுவும் விட்ட பசையும் திரும்பி வராது. நான் அதற்குக் காசு கொடுக்க மாட்டேன்.

உங்கள் யன்னலை நீங்களே சோதிக்கலாம். காற்றடிக்கிற நாளில் ஹீற்றரையெல்லாம் நிறுத்திவிட்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, பூட்டிய யன்னலின் ஓரமெல்லாம் மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை நேராக ஏறினால் நல்லது. ஓரிடத்தில் வளைந்து ஓடினால் அங்கே ரப்பர் போய்விட்டது. ஒரு தாளை வைத்து யன்னலைப் பூட்டி இழுத்துப் பாருங்கள். லேசாக வந்தால், ரப்பரோ பிணைச்சலோ பூட்டோ தளர்ந்திருக்கிறது. மூன்றையும் தனித்தனியே மாற்றலாம், பெரிய காசில்லை. இரவில் லைற்றர் சுடரைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தால் நாலு சுடர் தெரியும். அதில் ஒன்று வேறு நிறத்தில் இருந்தால் படலம் பூசிய கண்ணாடி, எல்லாம் ஒரே நிறமென்றால் பழைய வெறும் கண்ணாடி.

அப்படியானால் முழு யன்னலையும் மாற்றவே தேவையில்லையா? தேவை வரும். எங்களுக்கும் வந்தது. அதுதான் இந்தப் பதிவில் நான் மிகவும் சொல்ல நினைப்பது.

முன்னறையிலும் அதற்கு நேர் மேலே உள்ள படுக்கை அறையிலும் வெளியே வளைந்து நிற்கும் பே யன்னல். முப்பதுகளின் வீடுகளுக்கு அதுதான் முகம். வவுனியா அண்ணை வேலை முடிந்து போகும்போது முன்னறையில் நின்று மேலே பார்த்தார். கூரைப் பூச்சில் ஒரு மயிர் விரிசல். பிறகு யன்னலைத் திறந்தார், பூட்டினார். நடு யன்னல் அடியில் உரசியது. வெளியே போய்த் தெருவில் நின்று பார்த்தார். மேல் பே யன்னலின் அடிக்கோடு கண்ணுக்குத் தெரியச் சரிந்திருந்தது. "இது கண்ணாடிக்காரன்ர வேலை இல்லை. ஒரு சேர்வேயரைக் கூப்பிடுங்கோ" என்றார்.

பழைய காலத்தில் அந்த மூலைகளில் தடித்த மரத்தூண்கள் இருந்தன. மேல் யன்னலின் பாரமும் முகப்புக் கூரையின் பாரமும் அவற்றில்தான் நின்றன. 1998இல் வேலை செய்தவர்கள் மரத்தை அறுத்தெடுத்து, அந்த இடத்தில் வெறும் பிளாஸ்ரிக்கைப் பொருத்திவிட்டார்கள். பாரம் தாங்கும் உலோகத் தூண் வைக்கவில்லை. இருபத்தைந்து வருடமாக ஒரு வீட்டின் முகப்பு பிளாஸ்ரிக் மூலையில் குந்தியிருந்திருக்கிறது. பிளாஸ்ரிக் மெல்ல மெல்லக் குறுகியதால்தான் விரிசல், சரிவு, உரசல் எல்லாம். அந்த அறைக் கண்ணாடியில் ஒரு துளி புகார் கிடையாது. எங்களுக்கு யன்னல் விற்க வந்து இரண்டு மணித்தியாலம் முன்னறையில் இருந்தவர் ஒருமுறை கூடத் தலையை நிமிர்த்திப் பார்க்கவில்லை.

2024 வசந்தத்தில் இரண்டு பே யன்னலையும் முழுக்க மாற்றினோம். மேற்பாரத்தை முட்டுக்கொடுத்துத் தாங்கிவைத்து, ஒவ்வொரு மூலையிலும் திருகி உயர்த்தக்கூடிய தூண் வைத்தார்கள். 6,200 பவுண். அது நோகவில்லை. செலவழிக்க வேண்டிய இடத்தில் செலவழித்த காசு. ஆகவே யன்னலுக்கு மேலே விரிசல், சட்டத்தில் வளைவு, மூலைப் பொருத்தில் வெடிப்பு, மரமென்றால் திருப்புளி நுனி புதைகிற உக்கல், இவற்றில் எதைக் கண்டாலும் கண்ணாடியை மட்டும் மாற்றிக் காலம் கடத்தாதீர்கள்.

இன்னும் இரண்டு காரணங்களுக்கு நான் யோசிக்காமல் மாற்றுவேன். இரண்டும் உயிர் சம்பந்தப்பட்டவை. ஒன்று, தாழ்வான கண்ணாடி. தரையிலிருந்து 800 மில்லிமீற்றருக்குக் கீழே வரும் யன்னல் கண்ணாடியும், 1500 மில்லிமீற்றருக்குக் கீழே வரும் கதவுக் கண்ணாடியும் பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்பது இங்கத்தைய கட்டட விதி. மூலையில் அதற்கான முத்திரை இருக்கும். எங்கள் பழைய பே யன்னலில் முத்திரை இல்லை. பிள்ளைகள் அதில் முதுகைச் சாய்த்து இருந்து படித்தவர்கள். நினைக்க இப்போதும் நெஞ்சு பதறும்.

மற்றது, நெருப்பு. மேல்மாடிப் படுக்கை அறை யன்னலால் ஆள் வெளியேற முடியவேண்டும். புதிதாகப் போடும்போது திறக்கும் இடம் 0.33 சதுர மீற்றருக்குக் குறையாமல், அகலமும் உயரமும் 450 மில்லிமீற்றருக்குக் குறையாமல், அடி விளிம்பு தரையிலிருந்து 1100 மில்லிமீற்றருக்கு மேற்படாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். திறக்கவே முடியாமல் இறுகிப்போன, அல்லது சாவி துலைந்து பூட்டியே கிடக்கிற யன்னல் உள்ள அறையில் பிள்ளையைப் படுக்கவைக்காதீர்கள். பூட்டையோ பிணைச்சலையோ மாற்றுவதாலேயே இது பல வீடுகளில் தீர்ந்துவிடும். அதையும் இந்தக் கிழமையே செய்யுங்கள்.

மாற்றுவது என்று முடிவெடுத்தவர்களுக்குக் கடதாசி விசயம் கொஞ்சம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2002 ஏப்ரலுக்குப் பிறகு மாற்றிய யன்னலுக்குச் சான்றிதழ் வேண்டும். பென்சா, செர்ட்டாஸ் போன்ற அமைப்பில் பதிந்தவர் செய்தால் அவர்களே தருவார்கள், இல்லையென்றால் கவுன்சிலின் கட்டடப் பிரிவில் எடுக்க வேண்டும். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் முதலில் கேட்பது இதைத்தான். 2022 ஜூனுக்குப் பிறகு இங்கிலாந்தில் புது யன்னல் யூ மதிப்பு 1.4க்கு மேற்படாமலோ எரிசக்தி அளவீட்டில் பி தரத்துக்குக் குறையாமலோ இருக்க வேண்டும். பழைய யன்னலில் காற்றுத் துவாரம் இருந்தால் புதியதிலும் வேண்டும். வீடு பிளாட் என்றால் குத்தகைப் பத்திரத்தைப் பாருங்கள். பல இடங்களில் யன்னல் நிலச் சொந்தக்காரருடையது, அவருடைய அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது. பாதுகாக்கப்பட்ட பகுதியென்றால் கவுன்சிலில் விசாரியுங்கள்.

காசு கொடுக்கிற விதத்திலும் கவனம் வேண்டும். 100 பவுணுக்கு மேல், 30,000 வரை விலையுள்ள பொருளுக்கு ஒரு சிறு பகுதியையாவது கிரெடிற் கார்ட்டில் கொடுத்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி வங்கியும் பொறுப்பு. கம்பனி மூடிவிட்டால் கைகொடுப்பது அதுதான். எங்கள் 1998 யன்னலைப் போட்டவர்களின் பெயரைத் தேடினேன், அப்படி ஒரு கம்பனியே இப்போது இல்லை. ஆகவே உத்தரவாதத்துக்குக் காப்புறுதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். வீட்டில் வைத்து ஒப்பமிட்டால் 14 நாளில் மீளலாம் என்று ஒரு நம்பிக்கை நம்மவர்களிடம் உண்டு. யன்னல் உங்கள் வீட்டு அளவுக்கென்றே செய்யப்படுவது, அப்படியான பொருளுக்கு அந்த உரிமை செல்லாது.

இப்போது எங்கள் வீட்டில் ஒன்பது யன்னல் 1998இன் பிரேமோடு இருக்கிறது. அதில் மூன்றுக்குப் புதுக் கண்ணாடி. பின்னறைக் கண்ணாடியால் அம்மா காலையில் தேத்தண்ணியோடு தோட்டத்தைப் பார்ப்பா.

யாராவது பின்னேரம் வந்து "இன்றிரவு மட்டும்" என்று விலை சொன்னால் அன்றிரவு கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் ஒரு செம்புத் தண்ணி எடுத்து, யன்னலைத் திறந்து, பிரேமின் அடிப் பள்ளத்தில் ஊற்றிப் பாருங்கள். வெளியால் வடியாவிட்டால் ஒரு கம்பியால் அந்தத் துளைகளைக் குத்திவிடுங்கள். பத்து நிமிட வேலை.